அக்காவிடம் கேளுங்கள்: முயலுக்குச் சட்டை எதுக்கு?

போன இதழில், லீவில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று பீட்டர் ராபிட் படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதி வரைந்த பழைய படக்கதைப் புத்தகத்திலிருந்து 2018ல் வந்த படம் அது. புத்தகத்தையும் கையோடு வாசித்துக் காட்டுங்கள், படத்தைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். அதனால் மாமியார் பிரச்சினை, மாடித் தோட்டம் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்தத் தடவை முயல் மட்டும், நடுவில் ஒரு குரங்கு.

நீங்கள் சொன்னீர்களே என்று அந்தப் புத்தகத்தைத் தேடிப்பிடித்து என் ஆறு வயது மகளுக்கு வாசித்தேன் அக்கா. படத்தை மூன்று தடவை பார்த்தவள் அவள். "இதுல ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்று எழுந்து போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
— ஓர் அம்மா, திருமங்கலம்

பாப்பா சொன்னது சரிதான்மா. அவள் படத்தில் பார்த்தது எதுவும் புத்தகத்தில் இல்லை. மின்வேலி கிடையாது, வெடி கிடையாது, லண்டன் ஹாரட்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டுச் சொத்துக்கு வரும் தாமஸ் கிடையாது, பக்கத்து வீட்டு ஓவியப் பெண்ணோடு காதல் கிடையாது. போகாதே என்று அம்மா சொன்ன தோட்டத்துக்குள் ஒரு முயல்குட்டி போகிறது. லெட்யூஸ், பீன்ஸ், முள்ளங்கி என்று வயிறு முட்டத் தின்கிறது. தோட்டக்காரர் மெக்ரிகர் விரட்டுகிறார், ஷூவும் சட்டையும் போய் அழுதுகொண்டே வீடு வந்து சேர்கிறது. அவ்வளவுதான் கதை. ஆங்கிலத்தில் ஆயிரம் வார்த்தைகூடத் தேறாது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இது பத்து நிமிஷத் தீனி, மிச்சத்தை எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் சேர்த்ததற்காக இயக்குநர் வில் க்ளக்கை நான் திட்ட மாட்டேன். எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பதில்தான் என் சண்டை.

புத்தகத்தில் பாதிக்கு மேல் ஒரு இடம் வரும், மறுபடி எடுத்துப் பாருங்கள். பீட்டர் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குள் ஒளிந்து, தும்மி, மாட்டப் பார்த்து, ஜன்னல் வழியே குதித்துத் தப்பிவிடுகிறான். இப்போது நனைந்து நடுங்குகிறான், வெளியே போக வழி தெரியவில்லை. ஒரு கதவு இருக்கிறது, பூட்டியிருக்கிறது, அடியில் நுழைய இடமில்லை. அங்கே ஒரு கிழட்டு எலி, தன் பிள்ளைகளுக்குப் பட்டாணி தூக்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கிறது. வழி எங்கே என்று கேட்கிறான். எலி வாயில் பெரிய பட்டாணி, பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறது. பீட்டர் அழ ஆரம்பித்துவிடுகிறான். கொஞ்சம் தள்ளிப் போனால் குளத்தங்கரையில் வெள்ளைப் பூனை ஒன்று தங்கமீனைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, வால் நுனி மட்டும் துடிக்கிறது. அதனிடம் ஒன்றும் கேட்காமல் நழுவிவிடுகிறான்.

இதில் என்ன நடக்கிறது என்று கேட்டால், ஆமாம், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஆறு வயதில், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குத் தல்லாகுளத்தில் எங்கள் பெரியம்மா கையை விட்டுவிட்டேன். கூட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே, இடுப்பு உயரத்தில் வெறும் வேட்டியும் சேலையும்தான் தெரியும். ஒரு பாட்டியிடம் போய், பெரியம்மாவைப் பார்த்தீங்களா என்றேன். அந்தப் பாட்டிக்கு எங்கள் பெரியம்மா யாரென்று எப்படித் தெரியும்? வாய் நிறைய வெற்றிலை வேறு. 'ம்ஹூம்' என்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நான் போட்ட அழுகை இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு. முப்பது வருஷம் கழித்து இந்தப் புத்தகத்தை முதல் தடவை வாசித்தபோது, அந்த எலியைப் பார்த்ததும் வெற்றிலைப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். பெரியவர்களுக்கு அவரவர் வேலை, பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. தொலைந்துபோன பிள்ளைக்கு உலகம் அப்படித்தான் தெரியும். பாட்டர் அதை இரண்டு வரியில் சொல்லி, பக்கத்தில் ஒரு படம் போட்டுவிட்டார்.

படத்தில் ஜேம்ஸ் கார்டன் குரலில் வரும் பீட்டருக்கு இந்தப் பயமே இல்லை. அவன் கும்பலுக்குத் தலைவன், வாய்க்கு வாய் பேசுவான், ஆளைக் கவிழ்ப்பான். புத்தகத்துப் பீட்டர் அழுவான், படத்துப் பீட்டர் அலட்டுவான். அலட்டல் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன், ஐந்து கோடி டாலரில் எடுத்து முப்பத்தைந்து கோடி டாலருக்கு மேல் வசூல் என்றால் உலகமே சிரித்திருக்கிறது. ஆனால் எலியிடம் வழி கேட்டு அழுத அந்தக் குட்டிப் பயல் காணாமல் போய்விட்டான், அதுதான் என் வருத்தம்.

பாப்பாவுக்கு ஒரு மாசம் விட்டு வாசியுங்கள். படம் ஞாபகத்தில் கொஞ்சம் மங்கட்டும். மடியில் உட்காரவைத்து, பக்கத்தை அவளையே புரட்டச் சொல்லுங்கள். சின்னக் கைக்கு அடங்க வேண்டும் என்றுதான் பாட்டர் அந்தப் புத்தகத்தை அத்தனை சிறிதாக அச்சடிக்கச் சொன்னார். எலி வரும் பக்கத்தில் நீங்கள் ஒன்றும் விளக்காமல் சும்மா இருங்கள்.

நம்மிடம் இல்லாத முயல் கதையா? சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயல் இருக்கும்போது வெள்ளைக்கார முயலுக்கு ஏனம்மா இந்த வரிந்துகட்டல்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

ஐயா, வணக்கம். சிங்கத்தை ஏமாற்றிய முயலை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது மந்திரி வேலைக்குப் போக வேண்டிய முயல். அறிவாளி, நிதானம், கிணற்றில் நிழலைக் காட்டிக் காரியத்தை முடிக்கிற ஆள். பிள்ளைகள் அதை மெச்சுவார்கள், தாங்களே அதுவாக நினைத்துக்கொள்வது கஷ்டம். பீட்டர் சொன்ன பேச்சுக் கேட்காத பயல். இரண்டு பேரும் இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா, முயலுக்கு வளை இரண்டு மூன்று இருந்தால்தானே நல்லது.

என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. அந்தப் படத்தில் அலர்ஜியைக் கேலி செய்கிற காட்சி இருக்கிறது என்று உறவினர் சொன்னார். காட்டலாமா, வேண்டாமா?
— ஓர் அப்பா, சோழவந்தான்

இருக்கிறது தம்பி, உங்கள் உறவினர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். படத்தில் சொத்துக்கு வருகிற அந்தத் தாமஸ் மெக்ரிகருக்குப் பிளாக்பெர்ரி பழம் ஆகாது. அது தெரிந்தே முயல்கள் உண்டிவில்லால் அந்தப் பழத்தை அவன் மேல் அடிக்கின்றன, ஒன்று வாய்க்குள் போய்விடுகிறது, மூச்சுத் திணறித் தொடையில் ஒவ்வாமைக்கான அவசர மருந்து எபிநெஃப்ரின் ஊசியைக் குத்திக்கொள்கிறான். படம் வந்த சமயத்தில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவர்களுக்கான அமைப்புகளும் பொங்கிவிட்டார்கள், படத்தை எடுத்த சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அதைக் கேட்டு, சினிமாதானே, இதற்கெல்லாமா கோபம் என்று சொன்னவர்களும் உண்டு. நம் ஊரில் இது இன்னும் மோசம். கடலைச் சட்னி, கடலை மிட்டாய், பொட்டலக் கடலை, திரும்பிய பக்கமெல்லாம் கடலை. "ஒண்ணு தின்னா என்ன ஆயிரும்" என்று வாயில் திணிக்கும் பாசக்கார மனிதர்கள் வேறு. அதையே கூடப் படிக்கிற பயல் ஒருவன் விளையாட்டாகச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், புத்தகத்திலும் பிளாக்பெர்ரி வருகிறது. சொல்பேச்சுக் கேட்ட தங்கச்சிகள் மூன்று பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் பாலும் பிளாக்பெர்ரியும். பீட்டருக்கு வயிற்றுவலிக்குச் சீமைச் சாமந்திக் கஷாயம். அந்த நல்ல பழத்தை எடுத்துத்தான் ஆயுதமாக்கினார்கள்.

காட்டுவதென்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள், அல்லது தள்ளிவிட்டுப் போங்கள். என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் தள்ளிவிடுவேன்.

முதலில் புத்தகமா, படமா?
— வாசகர், வாடிப்பட்டி

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் புத்தகம். சும்மா சொல்லவில்லை, கதையே அப்படித்தான் பிறந்தது. 1893 செப்டம்பர் 4ல், தனக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணின் ஐந்து வயது மகன் நோயல் படுக்கையில் கிடக்கிறான் என்று பாட்டர் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலு முயல்குட்டிகளின் கதையைப் படத்தோடு எழுதி அனுப்பினார். பிறகு அதைப் புத்தகமாக்கப் பார்த்தால் பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. 1901 டிசம்பரில் தன் கைக்காசில் 250 பிரதி அடித்தார். அடுத்த வருஷம் ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் வண்ணத்தில் போட்டது, அப்புறம் நிற்கவே இல்லை, வரிசையாக 23 குட்டிப் புத்தகங்கள்.

அழகர்கோயில் பக்கம் எங்கள் வீடு, கல்லூரியில் படிக்கிறேன். இதே மாதிரி க்யூரியஸ் ஜார்ஜ் என்ற குரங்குப் படம் பார்த்தேன். பழைய புத்தகத்தில் அந்தக் குரங்கைச் சாக்கில் போட்டுப் பிடித்து வருகிறார்கள், படத்தில் அதுவே பின்னால் வருகிறது. ஏன் அக்கா மாற்றினார்கள்? இன்னொன்று, அதற்கு வால் எங்கே?

வால் கேள்வி அழகர்கோயில் பிள்ளைக்குத்தான் தோன்றும்! படியேறினால் பை, பழம், மூக்குக்கண்ணாடி என்று வாலைச் சுழற்றிக்கொண்டு பிடுங்குகிற கூட்டத்தைத் தினம் பார்க்கிறவள் அல்லவா. ஜார்ஜுக்கு ஆரம்பத்திலிருந்தே வால் கிடையாது. புத்தகம் குரங்கு என்கிறது, அதில் வரைந்த உருவம் வாலில்லாக் குரங்கு போல இருக்கிறது. வரைந்தவர் கை அப்படிப் போயிருக்கிறது, விடு.

மாற்றியது ஏன் என்பதுதான் நல்ல கேள்வி. 1941ல் வந்த முதல் புத்தகத்தில், மஞ்சள் தொப்பிக்காரர் ஆப்பிரிக்காவில் தொப்பியைத் தரையில் வைக்கிறார், குரங்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டதும் கண் மறைகிறது, லபக்கென்று பிடித்துச் சாக்கில் போட்டுக் கப்பலேற்றிவிடுகிறார். போதாக்குறைக்கு ஜார்ஜ் சாப்பிட்டுவிட்டு சுங்கான் (புகைக்குழாய்) வேறு பிடிக்கிறது! அந்தக் காலத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2006ல் படம் எடுத்தபோது, காட்டிலிருந்து உயிரைப் பிடித்து வருகிறவரைக் கதாநாயகன் என்று காட்ட முடியுமா? அதனால் ஜார்ஜ் அந்த மஞ்சள் தொப்பி ஆசையில் தானாகக் கப்பல் ஏறுகிறது. சுங்கானும் போய்விட்டது. இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. பீட்டர் விஷயத்தில் கத்துகிற நான் இங்கே ஏன் ஒத்துக்கொள்கிறேன் என்றால், ஜார்ஜின் குணம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்க வேண்டும், தொட்டால் ஏதாவது விழ வேண்டும், அது அப்படியே இருக்கிறது. கையால் வரைந்த பாணியிலேயே படத்தையும் எடுத்தார்கள், பழைய பக்கங்களின் மஞ்சளும் சிவப்பும் கண்ணை உறுத்தாமல் வருகிறது.

இன்னொரு கதையும் உனக்குச் சொல்ல வேண்டும். ஜார்ஜை உண்டாக்கிய ஹான்ஸ் ரே, மார்கரெட் ரே தம்பதி ஜெர்மனியில் பிறந்த யூதர்கள், பாரீசில் இருந்தார்கள். 1940 ஜூனில் நாஜிப் படை பாரீசுக்குள் நுழையப் போகிற நேரம். ஹான்ஸ் உதிரிப் பாகங்களை வைத்து இரண்டு சைக்கிள்களைப் பூட்டினார், கொஞ்சம் துணியும் கையெழுத்துப் பிரதிகளும் கட்டிக்கொண்டு மிதித்தே வெளியேறினார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், பிரேசில் சுற்றி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பிரதிகளில் ஒன்றுதான் இந்தக் குரங்கு. மாட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டு தப்பிக்கிற குரங்கு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்த பிறகு நான் யோசித்ததில்லை.

பாட்டர் அம்மையார் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் படத்துக்குச் சம்மதித்திருப்பாரா?
— வங்கி ஊழியர், எஸ்.எஸ்.காலனி

1936ல் வால்ட் டிஸ்னியே பீட்டரை வைத்துப் படம் எடுக்கக் கேட்டார், அம்மா முடியாது என்றுவிட்டார். ஆனால் இதை வைத்து அவரை வியாபாரம் தெரியாத சாது என்று நினைத்துவிடாதீர்கள். 1903லேயே பீட்டர் பொம்மையைத் தானே தைத்துப் பார்த்து, காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தவர் அவர். சம்பாதித்த பணத்தில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணை பண்ணையாக வாங்கி, ஆடு வளர்த்து, 1943ல் சாகும்போது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நேஷனல் ட்ரஸ்ட் என்கிற, நிலத்தையும் பழைய இடங்களையும் பாதுகாக்கும் அமைப்புக்கு எழுதிவைத்தார். நம்ம ஊர்க் கணக்கில் எத்தனை கண்மாய்ப் பாசனம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று தெளிவாக இருந்த மனுஷி.

அவர் போன பிறகு வந்ததில் எனக்குப் பிடித்தது 1971ல் வந்த பாலே படம். லண்டன் ராயல் பாலே கலைஞர்கள் மிருக முகமூடி போட்டு ஆடுகிறார்கள், ஒரு வசனம் கிடையாது. நடனத்தை அமைத்த ஃபிரெடரிக் ஆஷ்டனே சலவைக்காரி முள்ளெலியாக வந்து ஆடுவார். பேச்சே இல்லாததால் புத்தகத்தின் அமைதி அதில் கெடவில்லை. பிள்ளைகள் பார்ப்பார்களா என்றால், என் தம்பி மகள் இருபது நிமிஷம் பார்த்தாள், அப்புறம் ஜிகர்தண்டா கேட்டாள்.

2021ல் வந்த இரண்டாம் பாகத்தில் இன்னொரு கூத்து. கதைக்குள் இருக்கும் ஓவியப் பெண் பீ, முயல் புத்தகம் எழுதுகிறாள். பதிப்பாளர் ஒருவர், இன்னும் விறுவிறுப்பு வேண்டும், காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்று என்று அரித்தெடுக்கிறார். அதாவது முதல் படத்தைப் பார்த்து நாம் என்ன திட்டினோமோ, அதையே எடுத்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்கிறார்கள். கிண்டல் செய்துவிட்டு, கடைசியில் பாராசூட், படகு, கார் என்று அதே விறுவிறுப்பையும் காட்டுகிறார்கள். சாமர்த்தியம்தான், போங்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு பீட்டர் கதையைத் தமிழில் நாடகமாகப் போட ஆசை. உரிமை வாங்க வேண்டுமா? அப்புறம் 'பை' (pie) என்கிற பண்டத்தை எப்படி மொழிபெயர்ப்பது?
— ஆசிரியை, மேலூர்

முதல் கேள்விக்கு நல்ல செய்தி டீச்சர். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம்தான் பதிப்புரிமை. பாட்டர் இறந்தது 1943, ஆக 2003 முடிவோடு இங்கே தீர்ந்துவிட்டது. மூலக் கதையை நீங்களே தமிழாக்கி ஆடலாம், அவரே வரைந்த பழைய படங்களையும் பயன்படுத்தலாம். புதுப்படத்தில் வரும் வசனம், காட்சி, அந்த முயலின் தோற்றம் இதையெல்லாம் தொடாதீர்கள், அது சோனி சொத்து. வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பையும் அப்படியே எடுக்க வேண்டாம். பொம்மை, டீசர்ட் என்று விற்கப் போனால் வணிக முத்திரைத் தகராறு வரும். ஆண்டு விழாவுக்கு அந்தக் கவலை இல்லை. பழைய படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விதான் வம்பு. கதை ஆரம்பத்திலேயே முயலம்மா பிள்ளைகளிடம், அந்தத் தோட்டத்துக்குப் போகாதீர்கள், உங்கள் அப்பாவை மெக்ரிகர் சம்சாரம் 'பை'க்குள் வைத்துவிட்டாள் என்கிறாள். அதாவது மாவுக்குள் கறியை மூடி அடுப்பில் வேகவைத்துவிட்டாள். ஊறப்போட்ட துணி காயவில்லை என்பது மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொல்வாள். 'அப்பம்' என்று போட்டால் பிள்ளைகளுக்குக் கறி என்று தோன்றாது, 'பணியாரம்' என்றால் இன்னும் மோசம். எங்கள் பெரியம்மாவிடம் கேட்டேன். "இதுல என்னடி யோசனை, குழம்பு வெச்சுப்புட்டான்னு எழுது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மேலூர்ப் பக்கத்துத் தாத்தாக்களுக்கு முயல்கறி என்றால் இன்னும் நாக்கு ஊறும் (காட்டு முயலை வேட்டையாடுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நாடகத்துக்கு வரும் தாத்தாக்களுக்குச் சொல்லிவிடுங்கள்). குழம்பு என்றதும் முன்வரிசை சிரிக்கும். சிரித்துவிட்டு அடுத்த நொடி, ஐயோ அப்பாவா என்று அடங்கும். அந்த ஒரு நொடியை விட்டுவிடாதீர்கள், குழந்தைகள் தாங்குவார்கள்.

அக்கா, முயலுக்குச் சட்டை எதுக்கு? பேன்ட் ஏன் இல்ல?
— நாலாம் வகுப்பு, அலங்காநல்லூர்

வாடா ராஜா, இத்தனை பெரியவர்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை பார். பேன்ட் போடாததற்குக் காரணம் வால்தான் என்று நினைக்கிறேன், அது என் ஊகம். சட்டைக்குக் காரணம் இருக்கிறது. பீட்டர் சட்டையும் ஷூவும் போட்டிருக்கும்வரை மனுஷப் பிள்ளை மாதிரி இரண்டு காலில் நடப்பான். மெக்ரிகர் விரட்டும்போது ஒரு ஷூ முட்டைக்கோஸ் பாத்தியில் போகும், இன்னொன்று உருளைக்கிழங்குப் பாத்தியில் போகும். போனதும் நாலு காலில் ஓடுவான், வேகம் கூடிவிடும். அப்புறம் சட்டையின் பெரிய பித்தளைப் பொத்தான் வலையில் மாட்டிக்கொள்ளும், சட்டையைக் கழற்றிப் போட்டால்தான் உயிர் பிழைக்கலாம். கழற்றிவிட்டால் அவன் நிஜ முயல். நீ படத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார், காது, முதுகு, பாதம் எல்லாம் உங்கள் ஊர் வயல் வரப்பில் ஓடுகிற முயல் மாதிரியே இருக்கும். அந்த அம்மா வீட்டில் முயல் வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர்.

அந்தச் சட்டையை மெக்ரிகர் காக்கா விரட்டுகிற பொம்மைக்கு மாட்டிவிடுகிறார். பீட்டர் வெறும் உடம்போடு வீட்டுக்கு வந்து விழுகிறான். இரண்டு வாரத்தில் அவன் தொலைத்த இரண்டாவது சட்டை அது, இரண்டாவது ஜோடி ஷூ. அவன் அம்மா அடித்தாள் என்று எங்கேயும் எழுதவில்லை. சட்டையை மீட்டு வருகிற கதை 1904ல் வந்தது, அதில் பெஞ்சமின் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் கூடப் போவான். நீ இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எத்தனை தண்ணீர் பாட்டில் தொலைத்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.